என் வீட்டுப் புறாக்கள்

(விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

புறா வளர்ப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் புறா வளர்த்தவர்களாக இருக்க முடியாது. போக்குவதற்குப் பொழுது மிச்சம் இருந்தால்தானே! தபால்தலை சேர்ப்பவன் ஒரு வாரம் ஊருக்குப் போகலாம். தபால்தலை பட்டினி கிடக்காது. புறாவை வைத்திருப்பவன் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் கம்பை அளந்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும். மேற்கே செம்மண் மேடும் முந்திரியும். சாலையின் கிழக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். 2018ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பில் படித்தபோது, புதுச்சேரியில் ஓர் அண்ணனிடம் இரண்டு ஜோடிப் புறாக்களை வாங்கி வந்தேன். அட்டைப் பெட்டியை அம்மா திறந்து பார்த்துவிட்டு, "கோழியா இருந்தா முட்டையாவது தின்னலாம். இத வெச்சு இன்னாடா பண்ணப் போற?" என்றார். சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டாலும் சட்டென்று சொல்ல வராது.

புறாவில் இனங்கள் பல. வாலை விசிறியாக விரிக்கும் அழகுப் புறா உண்டு. வானத்தில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா உண்டு. ஹோமர் எனப்படும் பந்தயப் புறா உண்டு. இத்தனை உருவங்களும் மலையிடுக்குகளில் வாழும் ஒரே காட்டுப் புறாவிலிருந்து மனிதன் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கியவை. சார்லஸ் டார்வின் வீட்டிலேயே புறா வளர்த்தார், லண்டன் புறாச் சங்கங்களில் உறுப்பினராகவும் சேர்ந்தார். 1859இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். வகுப்பில் இதைப் பேராசிரியர் சொன்ன நாளில் நான் வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தேன். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

என்னிடம் இருப்பவை ஹோமர்கள். நீலச்சாம்பல் நிறம், இறக்கையில் இரண்டு கரும்பட்டை, மூக்கின் மேல் சுண்ணாம்பு தடவியது போல் ஒரு வெள்ளைத் தடிப்பு. பார்ப்பதற்குக் கோயில் கோபுரத்துப் புறாவுக்குச் சற்றே பெரிய தம்பிதான். ஆனால் எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்து சேரும். அந்த ஒரு குணத்துக்காகத்தான் உலகமே இதை வளர்த்தது.

திண்டிவனம் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் நான் ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். முதல் வேலை எச்சத்தைச் சுரண்டுவது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் செய்வேன். காய்ந்த எச்சத் தூளும் இறகுத் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் என்றே மருத்துவத்தில் ஒன்று இருக்கிறது. துணி கட்டச் சோம்பல்படுபவர்கள் கிளியோ புறாவோ வளர்க்காமல் இருப்பதே நல்லது. (கிளி என்றதும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் வளர்ப்பவர்கள் நம் கல்லூரியிலேயே சிலர் உண்டு.)

பிறகு தண்ணீர். கோழி ஒரு வாய் அள்ளி, தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியல்ல, அலகை அமிழ்த்தி மாடு போல் உறிஞ்சிக் குடிக்கும். ஆகவே தட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றினால் போதாது, அலகு மூழ்கும் ஆழம் வேண்டும். தீனி கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப் பயறு, பட்டாணி ஆகியவற்றின் கலவை. ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பது கிராம். புறாவுக்குப் பல் கிடையாது. வயிற்றின் அரைவைப் பையில் கிடக்கும் சிறு கற்களே தானியத்தை அரைக்கின்றன. அதற்காகச் செங்கல் தூளும் கிளிஞ்சல் நொறுக்கும் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். கிளிஞ்சலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா!

பெண் புறா இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. அடை காப்பதில் ஆணுக்கும் பங்கு உண்டு. முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை அப்பன், மற்ற நேரமெல்லாம் ஆத்தாள். இந்த மாற்றத்தைப் பார்த்தே மணி சொல்லலாம் என்பாள் எங்கள் ஆயா. பதினேழு, பதினெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். கண் திறக்காத, மஞ்சள் மயிர் ஒட்டிய, அழகு என்று யாரும் சொல்லத் துணியாத ஓர் உருவம்! அதற்குத் தாயும் தந்தையும் தொண்டைப் பையில் ஊறும் பால் போன்ற கட்டியைக் கக்கி ஊட்டும். தந்தை பாலூட்டும் அதிசயத்தைப் பறவை உலகில் புறாக் குடும்பத்தையும் இன்னும் ஓரிரு இனங்களையும் தவிர வேறெங்கும் காண முடியாது. ஏழாம் நாள் காலில் வளையம் மாட்ட வேண்டும். மறந்து பத்து நாள் ஆகிவிட்டால் வளையம் ஏறாது. நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

குஞ்சு ஒரு மாதத்தில் தானே தின்னத் தொடங்கும். அதன்பின் நடப்பதுதான் முக்கியம். கூண்டின் முன்பக்கக் கம்பி வலைக்குள் அதை உட்கார வைத்துச் சுற்றுப்புறத்தைச் சில நாள் பார்க்க விட வேண்டும். பிறகு மாலை வேளையில், அரை வயிற்றோடு வெளியே விட வேண்டும். கூரையில் உட்காரும், சற்றுப் பறக்கும், டப்பாவில் கம்பைக் குலுக்கினால் உள்ளே வரும். இப்படிச் சில வாரங்கள் ஆனபின் கூடையில் எடுத்துப்போய்ச் சாலையோரத்திலிருந்து விடுவேன். பிறகு காலாப்பட்டு, கூனிமேடு, மரக்காணம் உப்பளம் என்று தூரத்தைக் கூட்டுவேன். மரக்காணத்தில் விட்டுவிட்டு நான் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் அவை வீட்டுக் கூரையில் இறகு கோதிக்கொண்டிருக்கும்.

எப்படி வழி தெரிகிறது? இன்றுவரை முழு விடை இல்லை. சூரியனைத் திசைகாட்டியாகப் பறவைகள் பயன்படுத்துவதை 1950களில் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் கிராமர் காட்டினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் புறாவின் மேல் சிறு காந்தத்தை ஒட்டி விட்டுப் பார்த்து, 1971இல் முடிவை வெளியிட்டார். வெயில் நாளில் அவை வழக்கம்போல் வீட்டை நோக்கின. மேகமூட்டமான நாளில் திசை தடுமாறின. ஆகவே சூரியன் மறைந்தால் பூமியின் காந்தப் புலம் துணைக்கு வருகிறது என்று கருதினார்கள். இத்தாலியில் புளோரியானோ பாப்பியோ மோப்பம்தான் காரணம் என்றார். மோப்பம் இழந்த புறாக்கள் வழி தவறின. வழக்கமான பாதையில் பறக்கும்போது கீழே தெரியும் சாலைகளைப் பிடித்துக்கொண்டு வருவதையும் பிற்காலத்தில் கருவி கட்டிக் கண்டார்கள். கிழக்கே கடல், மேற்கே செம்மண் மேடு, நடுவே நேர்க்கோடாகச் சாலை என்று இருக்கும் எங்கள் ஊர், படிக்காத புறாவுக்கும் எளிய பாடம்தான் என நினைக்கிறேன்.

இந்தக் குணத்தைப் போருக்கும் தபாலுக்கும் பயன்படுத்தியதைப் பலரும் அறிவர். நம் நாட்டில் ஒரிசா காவல் துறை 1946இல் இராணுவத்திடமிருந்து இருநூறு புறாக்களைப் பெற்றுப் புறா அஞ்சல் நடத்தியது. 1948இல் சம்பல்பூருக்கு வந்த பிரதமர் நேரு கட்டாக்குக்கு ஒரு செய்தியைப் புறா மூலமே அனுப்பினார். 1999இல் பெரும்புயல் அடித்துத் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் வேலை செய்தன.

புயல் என்றதும் என் கதைக்கு வர வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளித்தான் இருந்தது. அப்பா சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கும் அலைக்கும் நடுவே தென்னை வரிசையும், படகு ஏற்ற இடமும், பந்து விளையாட மணலும் இருந்தனவாம். எங்கள் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வழியில் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். நாங்கள் வடக்கே இருக்கிறோம். நான் புறா வாங்கிய ஆண்டு மூன்று தென்னைகள் நின்றன; பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஒன்றுமில்லை.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. 2011 தானே புயலையும் பார்த்த ஆயா, "தானே காத்து; இது தண்ணி" என்றாள். அன்று பிற்பகலே பதினான்கு புறாக்களையும் மீன் கூடைகளில் போட்டு, மேலே வலை கட்டி, சாலைக்கு மேற்கே அத்தை வீட்டுக்குத் தூக்கிப் போனேன். "பாஸ்புக்க எடுத்தியா, ரேஷன் கார்ட எடுத்தியா?" என்று அம்மா கத்தினார். எடுக்கவில்லை. அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

புயல் போனபின் பார்த்தால் பின்பக்கச் சுவரும் கூண்டு இருந்த இடமும் இல்லை. அடுப்படிச் சுவர் மட்டும் நின்றது. பொங்கல் கழித்து, சாலைக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். பழைய வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

மனிதர்கள் வீடு மாறுவது எளிது. லாரி ஒன்று போதும். வளர்ந்த ஹோமருக்கு வீடு மாற்றுவது அப்படியல்ல. குஞ்சாக இருந்தபோது எந்தக் கூரையிலிருந்து முதலில் பறந்ததோ அதுதான் அதற்கு வீடு. புதுக் கூண்டில் ஒன்றரை மாதம் அடைத்து வைத்தேன். ஜோடிகள் முட்டையிட்டன, அடைகாத்தன, ஆண்கள் கழுத்தை உப்பிக்கொண்டு குனுகின. பழகிவிட்டன என்று நம்பி ஒரு மாலை கதவைத் திறந்தேன். இரண்டு வட்டம் அடித்தன. மூன்றாவது வட்டத்தில் கிழக்கே திரும்பிவிட்டன.

எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை. பழைய வீட்டுக்கு ஓடினேன். அடுப்படிச் சுவரின் மேல், கடலைப் பார்த்தபடி, பதினொன்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூண்டு இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு புறா எழுந்து, நுழைவாசல் இருந்த உயரத்தில் வெறும் காற்றில் இறக்கையடித்து நின்று, இறங்க இடமில்லாமல் மறுபடி சுவருக்கே வந்தது. டப்பாவைக் குலுக்கினேன். தோளில் வந்து உட்கார்ந்தன. என்னிடம் அவற்றுக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை, இடத்தில்தான் சந்தேகம்.

புதுக் கூரையில் தங்கியவை மூன்றே. அவற்றில் இரண்டு ஒரு ஜோடி; கூண்டில் பத்து நாள் குஞ்சுகளை விட்டுப் போக மனமில்லாதவை. அனுபவமுள்ளவர்கள் சொன்னதும் அதுவே: பெரிய புறாவைப் புது இடத்தில் நிறுத்தக் குஞ்சு ஒன்றுதான் கயிறு. அந்தக் கயிறும் எல்லாப் புறாவையும் கட்டுவதில்லை.

ஒரு மாதம் தினமும் இருட்டும் வேளையில் கூடையோடு போய் அவற்றை எடுத்து வந்தேன். பூனைக்கு ஒன்று, வல்லூறுக்கு ஒன்று போயின. விற்றுவிடு என்றார் அப்பா. விற்றாலும் வாங்கியவர் கதவைத் திறக்கும் நாளில் அவை அந்தச் சுவருக்கே வரும். கடைசியில் பழைய புறாக்களை இனி வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பந்தயக்காரர்கள் இப்படிப்பட்டவற்றைக் கூண்டுக்குள்ளேயே இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். வழக்கம்தான், ஆனாலும் மரக்காணத்திலிருந்து பறந்து வந்த புறா, வலைக்குள் நான்கடி உயரம் பறப்பதைப் பார்க்க முதல் சில நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாதான் தீனி வைத்தார்.

அவற்றின் குஞ்சுகள் புதுக் கூரையிலிருந்து பறந்தவை. இப்போது ஒன்பது. கிழக்கே எங்கள் வீடு ஒன்று இருந்ததே அவற்றுக்குத் தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் செம்மண் மேட்டைச் சுற்றி, சாலையைத் தாண்டி, கடலோரம் வரை ஒரு வட்டம் போட்டுத் திரும்பும். கூனிமேடு வரை பழக்கியாயிற்று; பரீட்சை முடிந்தபின் மரக்காணம்.

நேற்று மாலை கதவை அடைக்க மறந்தது என் தவறு. கிழட்டு நீலப் பெட்டை வெளியே போய்விட்டது. இதை எழுதி முடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுப்படிச் சுவர் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது என்றாலும், உட்கார ஒரு புறாவுக்கு இன்னும் இடம் இருக்கிறது.