வெற்றுப் பெட்டிக்குப் பொறுப்பாளி யார்?

பற்பசைக் குழாயை ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் குழாய் குளியலறைக்கும் பெட்டி குப்பைக்கும் போகின்றன. அந்தப் பெட்டியை அள்ளும் செலவு மாநகர சபையுடையது, அதாவது வரி செலுத்தும் எல்லோருடையதும். பெட்டி வேண்டுமென்று தீர்மானித்த கம்பனிக்கு அதில் ஒரு சதமும் செலவில்லை.

இந்தக் கணக்கை மாற்றுவதில் முன்னோடியாக இருந்த நாடு ஜேர்மனி. கிளாவுஸ் டொப்ஃபர் சுற்றாடல் அமைச்சராக இருந்தபோது, 1991 இல் பொதியிடல் ஒழுங்குவிதி கொண்டுவரப்பட்டது. பொருளைப் பொதி செய்து சந்தைக்கு விடுபவரே வெற்றுப் பொதியையும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் சாராம்சம். 1992 ஏப்ரல் முதல் வாடிக்கையாளர்கள் மேல்பெட்டியைக் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம் என்றானது. கடைக்காரரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்! அவர் விநியோகத்தரை நெருக்கினார், விநியோகத்தர் கம்பனியை நெருக்கினார். தேவையற்ற மேல்பெட்டிகள் பல காணாமற் போயின.

ஆனால் தயிர்க் கோப்பையையும் தகர டின்னையும் தேடி ஒவ்வொரு கம்பனியும் வீடு வீடாக அலைய முடியாது. இதற்காகக் கம்பனிகள் கூடி 1990 இலேயே ஒரு பொது நிறுவனத்தை அமைத்திருந்தன. கம்பனிகள் கட்டணம் செலுத்த, அந்நிறுவனம் வெற்றுப் பொதிகளைத் தனியாகச் சேகரித்துத் தரம் பிரித்தது. கட்டணம் செலுத்திய பொதியில் ‘பச்சைப் புள்ளி’ அச்சிடப்பட்டது. மீள்சுழற்சிக்கு ஏற்ற பொதி என்பதற்கான அடையாளம் அது எனப் பலர் எண்ணினர். உண்மையில் அது பணம் கட்டியதற்கான அடையாளம் மட்டுமே.

அதிலும் சிலர் புள்ளியை அச்சிட்டுவிட்டு, பணத்தை ஒழுங்காகக் கட்டவில்லை. (வியாபாரிகளின் குணம் எங்கும் ஒன்றுதான் போலும்.) மறுபுறம், எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிளாஸ்டிக் வந்து குவிந்தது. 1993 இல் அந்நிறுவனம் வங்குரோத்தின் விளிம்புக்கே சென்றது. அதன் பின்னர் பொதியின் நிறைக்கும் மூலப்பொருளுக்கும் ஏற்பக் கட்டணம் அறவிடப்பட்டது. பிளாஸ்டிக்குக்கே அதிக கட்டணம்.

பொதிக் கழிவு ஆரம்பத்தில் குறைந்தது உண்மை. எனினும் 1991 இல் சுமார் 15 மில்லியன் தொன்னாக இருந்த அது, 2021 இல் 19 மில்லியன் தொன்னைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கட்டுக்குச் சில சதங்களே வரும் கட்டணம் விலைக்குள் மறைந்துவிடுகிறது. வாங்குபவர் அதனை உணர்வதில்லை. 2003 இல் குடிபானப் போத்தல்களுக்கும் டின்களுக்கும் கொண்டுவந்த வைப்புப் பணம் அப்படியல்ல. வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 25 யூரோ சதம் கையில் கிடைக்கும். எனவே போத்தல்கள் திரும்பி வருகின்றன.

கட்டாதவரின் சுமையை ஒழுங்காகக் கட்டுபவர் சுமப்பதே இம்முறையின் பெருங்குறை. இதனைத் தடுக்க 2019 இல் வந்த புதிய சட்டம் பகிரங்கப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. போட்டியாளர் பதிவு செய்துள்ளாரா என எவரும் பார்க்கலாம். கட்டணம் செலுத்தும் முறையில் சேராதவருக்கு 200,000 யூரோ வரை அபராதம் விதிக்கப்படலாம். சிறு வியாபாரி என்பதற்காக விலக்கு இல்லை.

இங்கிருந்து தேயிலைப் பக்கட்டோ கறுவாவோ அனுப்புவோர் கவனிக்க வேண்டியது இதுதான். அந்நாட்டு இறக்குமதியாளர் வாங்கி விற்றால் பொறுப்பு பொதுவாக அவருடையது. இணையம் மூலம் நேரடியாக ஜேர்மன் வீடுகளுக்கு விற்றால் பொறுப்பு உங்களுடையது. பதிவில்லாதவரின் பொருட்களை இணையச் சந்தைகள் விற்கவிடக் கூடாது என்பது 2022 ஜூலை முதல் விதி. எப்படியாயினும், ஒரு பக்கட்டில் மட்டை எத்தனை கிராம், பிளாஸ்டிக் எத்தனை கிராம் என்ற கேள்வி உங்களிடம் வரும். பொதி அச்சிடுபவரிடம் அந்த விபரத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.