தனுஷ்கோடியில் ஓர் உப்புப் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களை முதன்முறையாக இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்றோம். திரும்பி வந்ததும் சுற்றுலாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். நாற்பத்திரண்டு கட்டுரைகள் வந்தன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. "காலையில் சீக்கிரம் எழுந்தோம். பஸ்ஸில் பாட்டு போட்டார்கள். கடலைப் பார்த்தோம். சங்கு மாலை வாங்கினோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது." அவ்வளவுதான்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. ஒரே நாளில் ஏழு இடங்களைத் திட்டத்தில் போட்டவள் நான். எந்த இடத்திலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று புறப்படுமுன் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. பலர் வாழ்நாளில் முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாள் அது. அதை அவசரத்தில் கழித்துவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு நெடுநாள் இருந்தது.

கடந்த தை மாதம் இரண்டாம் முறை சென்றபோது திட்டத்தை மாற்றினோம். அந்த அனுபவத்தை, சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஒரு நாளுக்கு ஒரு கேள்வி

எங்கள் பள்ளி ஆம்பூருக்கு அருகில் உள்ளது. பெற்றோரில் பெரும்பாலோர் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிறார்கள். பாலாறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்று புத்தகத்தில் இருக்கும்; ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். வீட்டுக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பு. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குவது இங்கே பழகிப்போன செலவு.

ஆகவே இந்த முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம்: தண்ணீரில் உப்பு எங்கிருந்து வருகிறது? கடலுக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் நம் கிணறு ஏன் கரிக்கிறது? ஏழு இடங்களை மூன்றாகக் குறைத்தோம். தனுஷ்கோடி, பாம்பன் பாலம், பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடம்.

கலாம் நினைவிடத்துக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. அவர் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்பதை ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். மாணவர்களுக்குப் புரியவில்லை. உடனே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். தம் வாழ்க்கையின் திசையை அந்த மாலை தீர்மானித்தது என்று கலாம் பலமுறை கூறியிருக்கிறார். அவரும் ஒரு கேள்வியோடுதான் கடற்கரைக்குப் போனார்.

புறப்படும் முன்

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், துறையின் முன் அனுமதி, ஒவ்வொரு பெற்றோரின் எழுத்து ஒப்புதல் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றோடு நான்கு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, பணம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பில் தெரியக்கூடாது. ஜூன் மாதமே சிறு சேமிப்பைத் தொடங்கினோம். குறைந்ததை முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் நிரப்பினோம். முதல் சுற்றுலாவில் வராமல் போனவர்கள், கடலைப் பார்க்க வேறு வாய்ப்பே இல்லாத பிள்ளைகள் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். "வேண்டாம் டீச்சர், வயசுப் பொண்ணு" என்று தயங்கிய அம்மாக்களை, மாலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்திலேயே சந்தித்துப் பேசினோம். இரவு எங்கே தங்குகிறோம், எந்த ஆசிரியை உடன் படுப்பார் என்பதுவரை சொன்ன பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. அது நியாயமான கேள்விதான்.

மூன்றாவது, இரவுப் பயணம் வேண்டாம். ஆம்பூரிலிருந்து இராமநாதபுரம் செல்ல, நிறுத்தங்களோடு பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் பகலில் பயணம் செய்து இராமநாதபுரத்தில் தங்கினோம். மறுநாள் முழுவதையும் தீவுக்கு ஒதுக்கினோம்.

நான்காவது, எட்டுப் பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு நிற நாடா. பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் ஏறும்போதும் தலைவர் எண்ணுவார். பிறகு ஆசிரியர் எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் வண்டி நகரும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் மாணவர்கள் தங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் குப்பியில் கொண்டுவந்தார்கள். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. சில குப்பிகள் அந்த இரண்டாவது எல்லையையும் தாண்டின. மாணவர்கள் தெருப் பெயரோடு அட்டவணை எழுதி, அதைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டார்கள்.

தீவில் ஒரு நாள்

காலையில் பாம்பனைக் கடந்தோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் ஒருபுறம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் அதன் அருகில். கப்பல் வரும்போது புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று பாலத்தைக் காட்டிக் கேட்டோம். துருவைப் பற்றிய பாடம் ஏழாம் வகுப்பிலேயே முடிந்திருந்தது. பதில் உடனே வந்தது.

அங்கிருந்து நேராகத் தனுஷ்கோடி. மாலையில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதனால் இப்போது பஸ்ஸிலேயே போகலாம்.

சிதைந்து நிற்கும் தேவாலயச் சுவர்களுக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து, எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் பேசினார். சென்னையிலிருந்து ரயில், இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயில் என்று ஒரு காலத்தில் இந்த ஊர் இரு நாடுகளை இணைத்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரே அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் இது மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

பிறகு கடல். இந்த ஊர் மக்கள் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அமைதி, பின்னது சீற்றம் என்று மாணவர்கள் படித்து வந்திருந்தார்கள். நாங்கள் போன அன்று வடக்குக் கடல்தான் அலையடித்துக்கொண்டிருந்தது! "தப்பா எழுதிட்டோமா மிஸ்?" என்று கேட்டாள் ஒருத்தி. கைக்குட்டையைப் பிடித்துக் காற்றின் திசையைப் பார்க்கச் சொன்னேன். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று. ஆகவே வடக்கே அலை. ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்குக் கடல் பொங்கும். பருவக்காற்று என்ற பாடத்தை இனி அவர்களுக்கு நான் தனியாக நடத்த வேண்டியதில்லை.

அரிச்சல்முனையில் குளிக்க அனுமதி இல்லை; நீரோட்டம் வலுவானது. இதைப் பஸ்ஸிலேயே திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும். பவளப்பாறைத் துண்டுகளை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அவற்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. இதைக் கேட்ட பிறகு யாரும் பவளம் கேட்கவில்லை.

கடல்நீரை அளந்தோம். கையடக்க மீட்டர் பெரும்பாலும் பத்தாயிரத்துக்குள்தான் காட்டும். ஆகவே ஒரு பங்கு கடல்நீரோடு ஒன்பது பங்கு கேன் தண்ணீர் கலந்து அளந்து, பத்தால் பெருக்கினார்கள். முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது பாடநூல் கணக்கு.

அடுத்து நாங்கள் பார்த்ததுதான் அன்றைய நாளின் மையம். மீனவக் குடிசைகளுக்கு அருகே மணலில் தோண்டிய சிறு குழி. ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. ஒரு பாட்டி கொட்டாங்குச்சியால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "குடிச்சுப் பாரு ராசா" என்று ஆளுக்கு ஒரு கை ஊற்றினார். நல்ல தண்ணீர். மீட்டரை வைத்தோம். இரண்டு கடல்களுக்கு நடுவே இருந்த அந்தக் குழியின் அளவு, அட்டவணையில் இருந்த எங்கள் ஊர்க் கிணறுகள் பலவற்றைவிடக் குறைவு.

எல்லோரும் அட்டவணையைப் பார்த்தார்கள். அப்போது ஒரு மாணவன் மெல்லக் கேட்டான்: "மிஸ், எங்கப்பா மண்டியில தோல்ல இருந்து உப்பு உதறுறாரு. அந்த உப்பாலதான் நம்ம தண்ணி கெட்டுப்போச்சா?"

மற்றவர்கள் அவனையே பார்த்தார்கள். பலருடைய வீட்டுச் சோறும் அதே தொழிலில் இருந்து வருவதுதான். அவசரப்பட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நல்ல கேள்வி. ஊருக்குப் போய்ச் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றேன்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

முதலில் குழித் தண்ணீரின் இரகசியம். ஒரு கண்ணாடி டம்ளரில் மை கலந்த அடர்ந்த உப்பு நீரை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாக நல்ல நீரை மெதுவாக ஊற்றுங்கள். நல்ல நீர் மேலே தனி அடுக்காக நிற்கும்; அதன் அடர்த்தி குறைவு. தனுஷ்கோடியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் இப்படித்தான் மிதக்கிறது. மேலாக மொண்டால் நல்ல நீர். மோட்டார் வைத்து ஆழத்தில் உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். கரண்டியை எடுத்துவிட்டு ஓர் உறிஞ்சுகுழலால் அடியிலிருந்து இழுத்துக் காட்டினால் மாணவர்களுக்கு இது உடனே விளங்கும்.

அடுத்து, கடல் ஏன் உப்பு? ஆறுகள் பாறைகளைக் கரைத்து உப்பைக் கொண்டுவருகின்றன. நீர் ஆவியாகிப் போகிறது; உப்பு தங்கிவிடுகிறது. நம் நிலத்தடியிலும் அதே கதைதான். உள்ளே போன உப்பு தானாக மறைவதில்லை. ஓடும் ஆறாவது அதைக் கழுவிக் கொண்டுபோக வேண்டும். பாலாற்றில் அந்த ஓட்டமும் அரிது.

பிறகு கணக்கு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் சுமார் 30 முதல் 40 விழுக்காடு உப்பு போடுவார்கள். ஓர் ஆட்டுத்தோலுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 14 லிட்டர் கடல்நீரில் உள்ள உப்பு. அந்த உப்பை லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் அடக்க 250 லிட்டர் தூய நீர் வேண்டும். ஒரே ஒரு தோலுக்கு! எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு இவ்வளவு அமைதியாக நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாணவனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. தோலை ஊறவைக்கும் முன்பு உதறி எடுக்கும் உப்பு தண்ணீருக்குள் போவதில்லை. உதறாமல் ஊறவைத்தால் முழுவதும் கழிவுநீரில் கரையும். ஆக, அவன் அப்பா உதறும் ஒவ்வொரு பிடி உப்பும் பாலாற்றுக்குப் போகாத உப்பு. ஆனால் உதறிய உப்பைத் திறந்தவெளியில் குவித்தால் மழை அதையும் மண்ணுக்குள் இறக்கிவிடும். வேலை செய்பவர் செய்ய வேண்டியதைச் செய்கிறார். அதன்பின் அந்த உப்பு என்ன ஆகிறது என்பது மற்றவர்களின் பொறுப்பு. அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கின் தீர்ப்பு, நாடெங்கும் சூழல் வழக்குகளில் மேற்கோளாகக் காட்டப்படுகிறது என்று அறிந்ததும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அப்பா வந்தார். அழைத்ததும் முதலில் கூச்சப்பட்டார். பிறகு ஒரு கோணியைத் தோலாக வைத்துக்கொண்டு, எப்படி மடித்து, எப்படி உதறினால் உப்பு மிச்சமில்லாமல் விழும் என்று வகுப்பில் செய்து காட்டினார். மகன் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான்.

உங்கள் பள்ளிக்கு

இந்த முறையும் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னேன். பலர் மூன்று பக்கம் எழுதினார்கள். பஸ் பாட்டும் அதில் இருந்தது. இருக்கட்டும், அதுவும் சுற்றுலாதான்.

தனுஷ்கோடி எல்லாப் பள்ளிகளுக்கும் கைக்கு எட்டாது. எங்கள் பகுதிப் பள்ளிகள் ஒரே நாளில் போய்வர ஓர் இடம் உண்டு. கல்பாக்கம் அருகே வயலூரில் பாலாறு கடலில் கலக்கிறது. விடியற்காலையில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பலாம். நம் ஊர் ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. போகும்போது நான்கு வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு மீட்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.