ஒரே பொட்டலம், இரண்டு அரசுகள்

அமெரிக்காவில் போதைப்பொருளுடன் பிடிபடும் ஒருவர்மீது வழக்குத் தொடுக்கும் அதிகாரம் ஒரே நேரத்தில் இரண்டு அரசுகளுக்கு உண்டு: அவர் பிடிபட்ட மாநிலத்தின் அரசுக்கும், வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசுக்கும். இவ்விரண்டும் தத்தம் சட்டங்கள், அரசு வழக்கறிஞர்கள், நீதிபதிகள், சிறைகள் ஆகியவற்றுடன் அருகருகே இயங்குகின்றன. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேலே உயர் நீதிமன்றம் இருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை அல்ல. மிகப் பெரும்பாலான வழக்குகள் மாநில நீதிமன்றங்களிலேயே முடிந்துவிடுகின்றன. ஆயினும் எந்த வழக்கு எங்கே செல்ல வேண்டும் என்று வகுத்துரைக்கும் பொதுச் சட்டம் ஏதும் இல்லை என்பதும், அதை முடிவு செய்பவர் நீதிபதி அல்லர், அரசு வழக்கறிஞரே என்பதும் இந்த அமைப்பில் வெளியே அதிகம் பேசப்படாத செய்திகள்.

அமெரிக்க அரசமைப்பு, குற்றங்களைத் தண்டிக்கும் பொது அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டுவைத்திருப்பதால், 1914இல் அபினையும் கோகெய்னையும் கட்டுப்படுத்த விரும்பிய நாடாளுமன்றம், ஹாரிசன் சட்டத்தை ஒரு வரிச் சட்டமாகவே இயற்ற வேண்டியிருந்தது. 1970இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் அந்த வேடத்தைக் களைந்து, போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பகுத்து, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத் தனக்கு அடித்தளமாகக் கொண்டது. அந்த அடித்தளம் எவ்வளவு அகலமானது என்பது 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெய்ச் வழக்கில் தெளிவாயிற்று. கலிபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகளை வளர்த்த ஒரு பெண்ணின் செயல் மாநிலச் சட்டப்படி சரியே என்று உள்ளூர்க் காவலர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும், உடன் வந்த கூட்டாட்சி அதிகாரிகள் அச்செடிகளைப் பிடுங்கி அழித்தனர். விற்பனைக்கு வராத, மாநில எல்லையைத் தாண்டாத செடிகூட நாட்டின் ஒட்டுமொத்தச் சந்தையைப் பாதிக்கக்கூடும் என்று கூறி, ஆறு நீதிபதிகள் அந்த நடவடிக்கையை ஏற்க, மூவர் மறுத்தனர். அதன் பின், கூட்டாட்சிக்கு எட்டாத போதைப்பொருள் வழக்கு என்று ஒன்று நடைமுறையில் அநேகமாக இல்லை.

எட்டுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்வதில்லை. எல்லைச் சோதனைச் சாவடியிலோ விமான நிலையத்திலோ சிக்கிய சரக்கு, பல மாநிலங்களில் பரவிய கும்பல், தொலைபேசி ஒட்டுக்கேட்பின்வழி மாதக்கணக்கில் திரட்டப்பட்ட கூட்டுச்சதி வழக்கு, துப்பாக்கியும் சேர்ந்து பிடிபட்ட வழக்கு ஆகியவையே பொதுவாக அந்தப் பக்கம் செல்கின்றன. சில வேளைகளில் இடமே வழக்கைத் தீர்மானித்துவிடுகிறது: கலிபோர்னியாவில் 2016 முதல் வயதுவந்தோர் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பது குற்றமன்று, அதே மாநிலத்திலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தால், அது கூட்டாட்சி நிலம் என்பதால், அதே கஞ்சா குற்றமாகிவிடும். பிடித்தவர் யார் என்பதும் முக்கியமானது. 1973இல் தோன்றிய டி.இ.ஏ. எனப்படும் போதைப்பொருள் தடுப்பு முகமை, நகரக் காவலர்களையும் சேர்த்துக் கூட்டுப் படைகளை நடத்துவதால், ஒரே கைதை எந்த அலுவலகத்தின் மேசைக்கும் கொண்டுசெல்ல முடிகிறது.

இந்தத் தேர்வு இவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் தண்டனை. 1986ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை, அதாவது நீதிபதி விரும்பினாலும் பொதுவாகக் குறைக்க இயலாத சிறைக்காலத்தை, எடையோடு பிணைத்தது: அரைக் கிலோ கோகெய்ன் அல்லது 100 கிராம் ஹெராயின் விற்பனைக்கு வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுகள், அதைப்போல் பத்து மடங்கு இருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள். இங்கே எடை என்பது கலப்படப் பொருளையும் சேர்த்த மொத்த எடை. கூட்டாட்சிச் சிறையில் பரோலும் இல்லை. 1984ஆம் ஆண்டின் சட்டம் அதை ஒழித்துவிட்டது. பல மாநிலங்களில் இதே அளவுக்கு நன்னடத்தைக் கண்காணிப்போ சில ஆண்டுச் சிறையோ பரோலோ கிடைக்க வாய்ப்புண்டு. ஆகவே வழக்கைக் கூட்டாட்சிக்கு மாற்றுவோம் என்ற சொல்லே, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யும் பேரத்தில் அரசு வழக்கறிஞரின் கையிலுள்ள வலுவான ஆயுதமாகிவிடுகிறது.

இத்தேர்வு எந்த அளவுக்குத் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதற்கு, 1980களில் நியூயார்க்கில் நடந்த கூட்டாட்சி நாள் என்னும் திட்டத்தைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது. மன்ஹாட்டனின் கூட்டாட்சித் தலைமை வழக்கறிஞராக ருடால்ஃப் ஜூலியானி இருந்த அக்காலத்தில், வாரத்தில் ஏதோ ஒரு நாளில் பிடிபடும் தெருமுனை வியாபாரிகள் மட்டும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டனர். முதல்நாள் அதே தெருவில் அதே பொட்டலத்தை விற்றவர் மாநில நீதிமன்றத்துக்குச் செல்ல, மறுநாள் பிடிபட்டவர் பன்மடங்கு கடுமையான தண்டனையை எதிர்கொண்டார். இது அநீதி என்று தொடுக்கப்பட்ட முறையீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் ஏற்கவில்லை.

நாள் அல்லாமல் நிறமே அளவுகோலாகிறதோ என்ற ஐயம், 1996இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இலவசச் சட்ட உதவி வழங்கும் அரசு அலுவலகம் 1991இல் முடித்த 24 கிராக் கோகெய்ன் வழக்குகளிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். ஐந்து கிராம் கிராக், அதாவது புகைக்கத்தக்க கட்டிக் கோகெய்ன், 500 கிராம் தூள் கோகெய்னுக்கு இணையாகத் தண்டிக்கப்பட்ட காலம் அது. 2010இல்தான் அந்த ஐந்து கிராம் 28 ஆக உயர்ந்தது. அரசு வழக்கறிஞரின் கோப்புகளைக் காண வேண்டுமானால், அதே நிலையிலிருந்த பிற இனத்தவர்மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை என்று முதலில் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. கோப்பைக் காணாமல் அதைக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் நிறைவான விடை இல்லை. நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும் மாறுபட்டார்.

ஒரு நீதிமன்றத்தில் முடிந்த வழக்கை மற்றொன்றில் மீண்டும் தொடங்கவும் அரசமைப்புத் தடையில்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற அரசமைப்புப் பாதுகாப்பு, இரு வேறு இறையாண்மைகளின் சட்டங்களை மீறியவருக்குப் பொருந்தாது என்று மதுவிலக்குக் காலத்தில், 1922இல், லான்சா வழக்கில் கூறப்பட்டது; 2019இல் கேம்பிள் வழக்கில் ஏழு நீதிபதிகள் அதையே உறுதிப்படுத்தினர். கூட்டாட்சித் தரப்பில், நீதித்துறை அமைச்சகம் தானே வகுத்துக்கொண்ட ஒரு நெறியே இதற்குக் கடிவாளம். அதை மீறினாலும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரிமைக் கோரிக்கை ஏதும் பிறப்பதில்லை.

எந்தப் பக்கம் சென்றோம் என்பது மன்னிப்பு வரை பின்தொடர்கிறது. 2022 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜோ பைடன், கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் தண்டிக்கப்பட்டோரை மன்னித்தபோது, அது கூட்டாட்சிச் சட்டத்தின்கீழும் தலைநகர் வட்டாரத்தின் சட்டத்தின்கீழும் தண்டிக்கப்பட்டவர்களுக்கே பொருந்தியது. மாநில நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்ட ஏனையோரைப் பொறுத்தவரை, அந்தந்த மாநில ஆளுநர்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை.