மாறி ஊற்றிய ஒயில்

பெரும்போக உழவு தொடங்கிய கிழமை, படுவான்கரைப் பக்கம் ஒரு வட்டையில் சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரம் ஒன்று வரம்போரமாக நின்றுபோயிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சில்லு மட்டும் அசையவில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஐந்து குடும்பங்கள், சீட்டுப் பிடித்தும் நகையை அடைவு வைத்தும் கூட்டாக வாங்கிய மெசின் அது. வானம் கறுத்து வந்தது. விதைநெல் வீட்டில் ஊறிக் கிடந்தது.

"காலையில ஊளையிட்டு ஊளையிட்டுத்தான் மனே போன, வெயில் ஏற அதுவும் இல்ல" என்றார் அந்த ஐந்து குடும்பங்களில் ஒன்றின் தாய்.

நடந்தது இதுதான். கசிவினால் ஒயில் குறைந்திருந்ததை முதல்நாள் மாலை கண்டார்கள். பையனைக் கடைக்கு அனுப்பினார்கள். அவன் "மெசினுக்குக் கியர் ஒயில்" என்று கேட்டான். கடைக்காரர் பெரிய மெசின்காரர் வழக்கமாக வாங்கும் தடித்த ஒயிலைக் கொடுத்தார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்பது இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்ட துண்டில் தெளிவாகவே எழுதியிருந்தது, ஆனால் யப்பான் எழுத்தில். பாவித்த நிலையில் இறக்குமதியாகும் யப்பானியச் சிறு இயந்திரங்களில் இதுதான் நிலைமை. கைநூலும் கூட வருவதில்லை.

எமது பகுதி விவசாயிகள் பழகிய மெசி பெர்குசன் போன்ற பழைய உழவு இயந்திரங்களில் எஞ்சினின் சக்தியைச் சில்லுக்குக் கொண்டுபோவது பற்சக்கரங்கள். கியர்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் லிப்டுக்கும் ஒரே ஒயில்தான். ஏறத்தாழ 30 லீற்றர் பிடிக்கும். ஒயில் கொஞ்சம் மாறினாலும் அது பொறுத்துக்கொள்ளும். லிப்ட் சோம்பும், கியர் இறுகும், ஆனால் அன்றைய வேலை நடந்துவிடும். அந்தப் பொறுமையே எம்மைக் கெடுத்துவிட்டது என்று கூடச் சொல்லலாம்.

ஹைட்ரோஸ்ரற்றிக் வகை அப்படியல்ல. அங்கே ஓட்டத்தைக் கொண்டுபோவதே ஒயில்தான். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்புக்குள் வட்டமாக அடுக்கிய சிறு பிஸ்ரன்கள் சாய்ந்த தட்டொன்றின் மேல் வழுக்கி ஓடி ஒயிலை நெருக்கித் தள்ளுகின்றன. அந்த ஒயில் இன்னொரு மோட்டரைச் சுழற்ற, அதிலிருந்து சில்லு சுற்றுகிறது. மிதியை அழுத்தும்போது தட்டின் சாய்வு மாறுகிறது. அதனால்தான் கிளச் இல்லாமலே வேகம் கூடிக் குறைகிறது, முன்னும் பின்னும் போகிறது. உழவு இயந்திரத்தின் ரயருக்குள் சதுர அங்குலத்துக்குச் சில பத்து இறாத்தல் காற்றழுத்தம் இருந்தால், இந்தப் பம்புக்குள் இருப்பது சில ஆயிரம் இறாத்தல். உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு இடையில் தலைமயிரை விட மெல்லிய இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பி நிற்பதும் ஒயில், சூட்டை வெளியே கொண்டுவருவதும் ஒயில்.

இந்த முறை உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் விவசாயப் பொறியியல் நிறுவகம் 1954 இலேயே இப்படி ஓர் உழவு இயந்திரத்தைச் செய்து காட்டியது. அமெரிக்காவில் 1967 இல் இன்ரர்நெஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனம் இதைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. எமது வட்டைகளுக்கு இது பெரும்பாலும் வெட்டு மெசினோடு வந்தது. போருக்குப் பின் இங்கு பரவிய சங்கிலிச் சில்லு அறுவடை இயந்திரங்கள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. ஆகவே சிறிய மெசின் இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

140 ஆம் இலக்கக் கியர் ஒயில் பாணியைப் போலத் தடித்தது. அது பில்டருக்குள்ளால் வேண்டிய வேகத்தில் வராது. பம்பு ஒயிலுக்காக ஏங்குகிறது. உள்ளே வெற்றுக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. காலையில் கேட்ட ஊளை அதுதான். குமிழி உடையும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தைக் கொத்துகிறது. போதாக்குறைக்கு, கடும் பாரத்துக்கென்று செய்யப்படும் சில கியர் ஒயில்களில் கந்தகம் சேர்ந்த மருந்து உண்டு. இரும்புப் பற்சக்கரத்துக்கு அது நல்லது; பம்புக்குள் இருக்கும் வெண்கலப் பாகங்களைச் சூட்டில் அரிக்கும். தேய்ந்த இடைவெளியால் ஒயில் வழுவத் தொடங்கியதும் மெசின் பலம் இழக்கிறது. மதியத்துக்குள் நின்றுவிட்டது.

பவர் ஸ்ரியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஒயில் எதிர்ப்பக்கத் தவறு. எமது வெயிலில் அது மேலும் மெலிந்து, பாகங்களுக்கு இடையில் நிற்காமல் ஓடிவிடும். வெறும் ஹைட்ரோலிக் ஒயில் லிப்டைத் தூக்கும், ஆனால் அதே ஒயிலில் ஓடும் கியருக்கும் நனைந்த பிறேக்குக்கும் வேண்டிய சேர்க்கைகள் அதில் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது பிறேக் ஒயில். பெயர் ஒயில் என்றாலும் அது எண்ணெயே அல்ல. ஒயில் இயந்திரத்தின் றப்பர்ச் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஒரு போத்தல் போதும்.

எஞ்சின் ஒயில் முற்றாகக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். சில சிறிய இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளரே எஞ்சின் ஒயிலை விதித்திருக்கிறார். ஆகையால் அடுத்த வீட்டு மெசினைப் பார்த்து முடிவெடுக்க இயலாது. அவரவர் மெசினின் வகையெண்ணைக் காட்டிக் கேட்பதே வழி. பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது, கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பிறேக்குக்கும் ஒன்றாகச் செய்யப்பட்ட உழவு இயந்திர ஒயில். தகரத்தில் யு.ரி.ரி.ஓ. என்று இருக்கும், குபோட்டாக்காரர் தமது ஒயிலை யு.டி.ரி. என்பார்கள்.

பெயரை மட்டும் நம்பியும் பயனில்லை. அமெரிக்காவில் 303 என்று ஓர் ஒயில் வாளி வாளியாக மலிவாக விற்றது. அது ஜோன் டியர் நிறுவனத்தின் பழைய தரக்குறியீடு. அந்தக் காலத்து ஒயிலில் திமிங்கில எண்ணெய் சேர்ந்திருந்தது. அந்த எண்ணெய்க்குத் தடை வந்ததால் 1970களிலேயே நிறுவனம் குறியீட்டைக் கைவிட்டது. ஆனால் இலக்கம் மட்டும் பிறருடைய வாளிகளில் தொடர்ந்தது. 2017 இல் மிசூரி மாநில விவசாயத் திணைக்களம் இவ்வகை ஒயில்களைச் சோதித்து, எந்த இயந்திரத் தயாரிப்பாளரின் இன்றைய தரத்துக்கும் அவை ஒத்துவரவில்லை எனக் கண்டு, பின்னர் விற்பனையைத் தடுத்தது. விவசாயிகள் வழக்கும் வைத்தார்கள். அங்கேயே இப்படியென்றால், பரலிலிருந்து போத்தலுக்கு வார்த்து விற்கும் பெயரில்லா ஒயிலைப் பற்றி என்ன சொல்ல?

தவறு நடந்துவிட்டால், எஞ்சினை இயக்காமல் இருந்தாலே பாதிப் பணம் மிச்சம். ஒயிலை முழுதாக இறக்குங்கள். பில்டரை மாற்றுங்கள். சரியான ஒயிலை ஊற்றி, பாரமில்லாமல் மெதுவாக முன்னும் பின்னும் ஓடவிட்டு, மட்டத்தைத் திரும்பப் பாருங்கள். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவும் பழக்கம் இங்கே வேண்டாம்; உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது ஒயிலையும் மெலியச் செய்யும். பிறேக் ஒயில் போயிருந்தால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். நின்ற மெசினை வேறு மெசினால் கட்டி இழுப்பதற்கு முன் மெக்கானிக்கைக் கேளுங்கள். விடுவிக்கும் நெம்பைத் திருப்பாமல் இழுத்தால் மீதிப் பம்பும் போய்விடும். இறக்கிய ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது வாவிக்குத்தான் போகும், இறால் பிடிப்பவரும் எம்மவரே.

இன்னொரு தவறான திரவம் கடைக்குப் போகாமலே வந்து சேரும். 2011 சனவரி வெள்ளத்தைப் படுவான்கரை மறக்கவில்லை. தாழ்வில் நின்ற மெசினுக்குள் தண்ணீர் போகும் என்பது தெரியும். ஆனால் சூடான மெசினை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாலும், பெட்டி திடீரெனக் குளிர்ந்து மூச்சுக் குழாயால் நீரை உறிஞ்சும். வாவி நீராயின் உப்பும் சேரும். அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

அந்த ஐந்து குடும்பங்களின் பம்பை நகரத்துக் கராஜ் ஒன்றில் திறந்தபோது பில்டர் முழுக்க வெண்கலத் தூள். மெசின் திரும்பி வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. பாதிக் காணியைக் கூலி மெசினால் உழுதார்கள். மீதி அந்தப் போகம் தரிசு. அடைவு வைத்த நகை இன்னும் மீளவில்லை.

இப்போது அந்த மெசினின் மட்காட்டில் ஒயிலின் பெயரும் மாற்றிய மணிக்கணக்கும் வெள்ளைப் பெயின்ரில் எழுதியிருக்கிறது. 2006, 2007 இல் ஓடியவர்கள் திரும்பி வந்தபோது மெசின் கிடைத்தவருக்கும் அதன் விபரம் கிடைக்கவில்லை; பழைய சாரதி எங்கோ போய்விட்டார், கைநூல் வீட்டோடு போய்விட்டது. ஆகவே மட்காட்டில் எழுதுவதோடு ஒரு பிரதியைக் கொப்பித் தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பைக்குள் வையுங்கள்.