தூறலும் வாடையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலை அறிவித்தலைக் கேளாது உறங்கச் செல்வோர் நம் வடபகுதியில் மிகச் சிலரே. புயல் என்றோ பெருமழை என்றோ கேட்டால் நம் செவி கூர்மையாகின்றது. இடைக்கிடை சிறுதூறல், காலையிற் பனிமூட்டம் என்றால், குடையைத் தேடி ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடுகின்றோம். அச்சிறுதூறல் அத்துணை எளியதன்று என்பதையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன்.

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். உரையாசிரியர் கொண்ட கணக்கின்படி ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இக்கணக்கு யாழ்ப்பாணத்துக்கு முற்றும் பொருந்துவதன்று. ஆவணியில் நம் தோட்டங்களிற் புழுதி பறக்கும். பெருமழை ஐப்பசி கார்த்திகைகளிலேதான் வரும். ஆகவே நமக்குக் காரும் கூதிரும் கலந்தே வருகின்றன; மழை ஓயுமுன்னரே வாடை வந்து கதவைத் தட்டுகின்றது. இதற்காக உரைகாரரைக் குறைகூற வேண்டா. அவர் கண்ட நிலம் வேறு.

கூதிரை முழுதுறக் காண விரும்புவோர் பத்துப்பாட்டில் நக்கீரனார் பாடிய நெடுநல்வாடையின் தொடக்கத்தைப் படித்தல் வேண்டும். பெருமழையால் வெள்ளம் பரக்கின்றது. கோவலர் தம் நிரைகளை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். தீயிற் கை காய்ச்சியும் நடுக்கம் தீராது நிற்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிக் குறுகுகின்றது. மரத்திற் தங்கிய பறவைகள் நிலத்தில் விழுகின்றன. பாலுண்ண வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகின்றது. மலையையே குளிர்விப்பது போன்ற குளிர் என்கின்றார் புலவர்.

நெடுங்காலமாக இப்பகுதியைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் யான் ஒரு பிழை செய்துவந்தேன். பறவை விழுதலும் பசு கன்றை உதைத்தலும் புலவர் கூறும் மிகையென்று மாணவர்க்கு உரைத்தேன். வெப்பமானி உறைநிலையை அண்டாத சமவெளி நாட்டிற் குளிரால் உயிர் விழுமோ என்பது என் எண்ணம். 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் அவ்வாறே சொன்னேன். வன்னியிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, அது மிகையில்லை. எங்கள் பட்டியில் அப்படித்தான் நடந்தது” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. அவன் வீட்டாருக்கு அவ்விரவில் எட்டு மாடுகள் போயின.

அவன் சொன்னது 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாத நிகழ்ச்சி. ‘மாண்டஸ்’ என்னும் புயல் வங்கக் கடலில் இலங்கையின் வடகிழக்கே கடந்து சென்று, 9ஆந் திகதி இரவு மாமல்லபுரத்தருகே கரையேறிற்று. நம் கரையை அது தொடவில்லை. ஆயினும் நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடும் ஆடுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. குளிரின் தாக்கமே காரணமெனப்பட்டது. அது கார்த்திகை மாதம். உரைகாரர் குறித்த கூதிரேதான்!

வெள்ளத்தில் மூழ்காத ஆநிரை தூறலில் மடிந்தது எங்ஙனம்? நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. அது வடகிழக்கே நிற்கையில் அதன் மேற்குப்புறத்திலுள்ள நமக்கு வடக்கிருந்து காற்று வீசும். அதுவே வாடை. மாட்டின் மயிரிடையே தங்கும் காற்றுத்தான் அதன் போர்வை. தூறல் அம்மயிரை ஓயாது நனைத்துப் போர்வையைப் பறிக்கின்றது; வாடை அவ்வீரத்தை உலர்த்தி உலர்த்தி உடற்சூட்டைக் கவர்கின்றது. கொட்டி ஓயும் மழையினும் விடாத தூறல் இவ்வாற்றாற் கொடிது. அன்றியும், காலபோக நெல் வயலில் நிற்கும் காலமாதலின், வன்னியில் மாடுகள் மேய்ச்சற்றரையை இழந்து மேட்டு நிலங்களிற் கூரையற்ற பட்டிகளில் அடைபடுகின்றன. அரைவயிற்று மாடு குளிரைத் தாங்குவதெங்ஙனம்? நிரையை வேற்றிடம் பெயர்த்த கோவலர் நிலையை நக்கீரனார் முதலிற் சொல்லி, குளிரைப் பின்னர்ச் சொன்ன முறைமை அன்றுதான் எனக்கு விளங்கியது.

பனிமூட்டமோ வேறு வகையினது. வானம் வெளித்து, காற்று ஓய்ந்து, நிலம் மட்டும் ஈரமாயிருக்கும் இரவில், தரை தன் சூட்டை வானுக்கு விட்டுக் குளிர்கின்றது. அதனையொட்டிய காற்றிலுள்ள நீராவி நுண்துளியாகின்றது. முகில் மூடிய வாடை நாளில் இது நிகழ்தல் அரிது. கண்டி வீதியில் விடியற்காலை வாகனம் செலுத்துவோர்க்கு மூடுபனி இடரே. பட்டிக்காரர்க்கோ அது நற்செய்தி. வாடை ஓய்ந்தமைக்கு அடையாளம்.

வானிலை அறிவிப்போர்க்கு ஒரு விண்ணப்பம். மழை எத்தனை மில்லிமீற்றர் என்பதோடு, தூறலும் வடகாற்றும் ஒருங்கே நீடிக்குமா என்பதையும் கால்நடை வளர்ப்போர்க்கெனத் தனியே ஒரு வசனத்திற் சொல்லுதல் வேண்டும். ‘வாடை’ என்ற சொல் நம் கடற்றொழிலாளர் நாவில் இன்றும் வழங்குகின்றது. அதனை அறிவித்தலிற் சேர்த்தால் விளங்காதார் இரார்.

அம்மாணவனின் தந்தையார் மறு ஆண்டு ஐப்பசிக்கு முன்னரே பட்டியின் வடபுறத்தை ஆளுயரத்துக்குக் காவோலையால் அடைத்தாராம். கூரை போடப் பணமில்லை. காற்றையாவது மறிப்போம் என்றாராம்.