பாரிசவாதமும் குருதியிலுள்ள கொழுப்பமிலங்களும்

நேற்று வரை கடையைத் திறந்து வியாபாரம் செய்தவர், வயலுக்குச் சென்று வந்தவர், வகுப்பறையில் பாடம் நடத்தியவர் இன்று ஒரு கையையும் ஒரு காலையும் அசைக்க இயலாது படுக்கையில் கிடக்கும் காட்சி எமது ஊர்களில் அரிதானதன்று. பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் நாம் அழைக்கும் இந்நோய் தனியொருவரை மட்டும் முடக்கி விடுவதில்லை. அவரது உழைப்பை நம்பி வாழும் குடும்பத்தையும், அவரைப் பராமரிப்பதற்காகத் தமது தொழிலையும் கல்வியையும் கைவிட நேரும் மனைவி மக்களையும் அது சேர்த்தே முடக்கி விடுகின்றது.

இந்நோயைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'கொழுப்பு' என்ற சொல்லும் உடன் எழுவது வழக்கம். கொழுப்பு யாவும் நஞ்சு என அஞ்சுவோர் ஒருபுறம். தேங்காயெண்ணெயே சகல நோய்களுக்கும் மருந்து என வாதிடுவோர் மறுபுறம். மீனெண்ணெய்க் குளிசையை நாள்தோறும் விழுங்கினால் வேறெதுவும் வேண்டியதில்லை என நம்புவோர் இன்னொரு புறம். இவர்களுக்கிடையே, வைத்தியர் தந்த குருதி அழுத்தக் குளிசையை இடைநடுவில் நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியடைவோரும் உள்ளனர். ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது. எனவே குருதியிலுள்ள கொழுப்பமிலங்களுக்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

குருதிக்குள் நிகழ்வது யாது?

பாரிசவாதம் இரு வகைப்படும். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயொன்று அடைபடுவதால் ஏற்படுவது ஒரு வகை. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் ஏற்படுவது மற்றைய வகை. உலகளவில் அடைப்பினால் ஏற்படும் வகையே அதிகமாகும். கொழுப்பமிலங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த அடைப்பு வகையையே சார்ந்து நிற்கின்றன.

நாம் உண்ணும் எண்ணெய், நெய், இறைச்சி, மீன், பால் ஆகிய யாவற்றிலும் உள்ள கொழுப்பு, கொழுப்பமிலங்களாலேயே ஆனது. இவை நிரம்பியவை, நிரம்பாதவை எனப் பிரிக்கப்படுகின்றன. நிரம்பாதவற்றுள் ஒமேகா-6, ஒமேகா-3 எனும் இரு குடும்பங்கள் முக்கியமானவை. ஒமேகா-6 குடும்பத்தின் லினோலெயிக் அமிலத்தையும், ஒமேகா-3 குடும்பத்தின் அல்பா லினோலெனிக் அமிலத்தையும் எமது உடல் தானாக உற்பத்தி செய்ய மாட்டாது. அவற்றை உணவின் மூலமே பெற வேண்டும். ஆதலால் இவற்றின் அளவு குருதியில் எவ்வளவு உள்ளது என்பது, ஒருவர் எதை உண்டு வந்துள்ளார் என்பதற்கு ஓரளவு சாட்சியாக அமைகின்றது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அதன் மென்சவ்விலுள்ள கொழுப்பமிலங்கள் கடந்த சில மாதங்களின் உணவுப் பழக்கத்தைக் காட்டவல்லவை.

பாமிற்றிக் அமிலம் எனும் நிரம்பிய கொழுப்பமிலத்தின் கதை வேறானது. அது உணவிலிருந்து கிடைப்பதோடு, நாம் அளவுக்கு மீறி உண்ணும் மாப்பொருளையும் சீனியையும் கொண்டு ஈரலினாலும் உருவாக்கப்படுகின்றது. எண்ணெயை முற்றாகக் குறைத்துவிட்டு, சோற்றையும் சீனி கலந்த தேநீரையும் தாராளமாக உட்கொள்பவரது குருதியிலும் கொழுப்பு உயர்ந்து காணப்படுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஆய்வுகள் கூறுவன

1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பாரிசவாதத்துக்கு உள்ளான 96 ஆண்களின் குருதியை, அந்நோய்க்கு ஆளாகாத 96 ஆண்களின் குருதியோடு ஒப்பிட்டது. அல்பா லினோலெனிக் அமிலம் கூடுதலாக இருந்தோரிடம் நோயின் ஆபத்து குறைந்திருந்தமை அதில் தெரியவந்தது. எனினும், இது சிறியதோர் ஆய்வாகும்.

பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2019 இல் வெளியான அத்தகைய பகுப்பாய்வொன்று 13 நாடுகளைச் சேர்ந்த 68,659 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. உடலில் லினோலெயிக் அமிலம் அதிகமாக இருந்தோருக்கு, குறைவாக இருந்தோரைவிட அடைப்பினால் ஏற்படும் பாரிசவாதத்தின் ஆபத்து ஏறத்தாழ 12 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஒமேகா-6 கொழுப்பமிலங்கள் குழாய்களை அழற்சிக்குள்ளாக்கித் தீங்கு விளைவிக்கும் என்ற பரவலான அச்சத்துக்கு இம்முடிவு ஆதரவளிக்கவில்லை.

2024 இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு 29 ஆய்வுகளில் பங்குபற்றிய 183,291 பேரைப் பற்றியது. மீனிலிருந்து கிடைக்கும் ஒமேகா-3 வகைகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியன அங்கு ஆராயப்பட்டன. ஈ.பி.ஏ. மிகக் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிட அடைப்பு வகைப் பாரிசவாதத்தின் ஆபத்து 18 சதவீதமும், டி.எச்.ஏ. விடயத்தில் 14 சதவீதமும் குறைந்திருந்தது. குருதிக் கசிவு வகையுடன் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஒமேகா-3 கூடினால் மூளையில் குருதி கசியும் என்ற பயத்தை இம்முடிவு ஓரளவு தணிக்கின்றது.

ஆயினும் இவை யாவும் மக்களை நீண்டகாலம் அவதானித்துப் பெற்ற முடிவுகளே என்பதை மறந்துவிடலாகாது. மீன் அதிகம் உண்பவர் புகைத்தலைத் தவிர்ப்பவராகவோ, உடற்பயிற்சி செய்பவராகவோ, வசதி படைத்தவராகவோ இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கிற் கொள்ள முயன்றாலும், தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என முடிவு கட்டிவிட முடியாது.

குளிசை மீனாகாது

இதனைச் சோதிக்கவே மீனெண்ணெய்க் குளிசைகளை வைத்துப் பெரும் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. 2018 இல் அமெரிக்காவில் 25,871 பேரிடமும், பிரித்தானியாவில் நீரிழிவு நோயாளர் 15,480 பேரிடமும் நடத்தப்பட்ட பரிசோதனைகளின் முடிவுகள் வெளியாகின. நாளொன்றுக்கு 1 கிராம் அளவில் கொடுக்கப்பட்ட குளிசைகள் பாரிசவாதத்தைக் குறைத்ததாக அவை காட்டவில்லை.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு பரிசோதனையில், டிரைகிளிசரைட் உயர்ந்திருந்த நோயாளர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் தூய ஈ.பி.ஏ. மருந்து கொடுக்கப்பட்டபோது பாரிசவாதம் 28 சதவீதத்தால் குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக்காக மற்றைய பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட கனிய எண்ணெயே அவர்களுக்குத் தீங்கு செய்திருக்கலாம் என்ற விவாதம் எழுந்தது. 2020 இல் வேறொரு ஒமேகா-3 மருந்தை வைத்து நடத்தப்பட்ட பரிசோதனை பயன் காணப்படாமையால் இடைநிறுத்தப்பட்டது. அதுமட்டுமன்றி, கூடிய அளவில் ஒமேகா-3 எடுத்தோரிடம் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் நிலை சற்று அதிகரித்தது. அந்நிலையே பாரிசவாதத்துக்கு ஒரு காரணம் என்பதால், வைத்திய ஆலோசனையின்றிக் குளிசைகளை அள்ளி விழுங்குவது புத்திசாலித்தனமாகாது. இக்குளிசைகளின் உறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனது என்பதையும் முஸ்லிம்களும் மரக்கறி உணவு உண்போரும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எமது அடுக்களை

தேங்காய் எமது சமையலின் உயிர்நாடி. எனினும் தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களுள் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்டவை நிரம்பியவை. 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020 இல் வெளியான பகுப்பாய்வு, ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் தீய கொலஸ்ட்ரோலை டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துவதைக் காட்டியது. நல்ல கொலஸ்ட்ரோலும் சிறிதளவு உயர்கின்றது என்பது உண்மையே. ஆனால் அது தீயதன் பாதிப்பை ஈடு செய்யும் என்பதற்குப் போதிய சான்றில்லை. தேங்காயை அடியோடு விலக்குமாறு நாம் கூற வரவில்லை. பாற்கறியும் சம்பலும் பொரியலும் ஒரே வேளையில் இலையில் இடம்பெறத்தான் வேண்டுமா என்பதே எமது கேள்வி.

பாம் எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி நிரம்பிய கொழுப்பே. நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் கணிசமாக உண்டு. கச்சான், எள் முதலியனவும் நிரம்பாத கொழுப்பைத் தருவனவே. மீனைப் பொறுத்தவரை விலையுயர்ந்த பெருமீன்தான் வேண்டுமென்பதில்லை. சாளை, சூடை போன்ற சிறுமீன்களிலும் ஒமேகா-3 நிறைந்துள்ளது. அவற்றைப் பொரிப்பதிலும் குழம்பாக ஆக்குவது நன்று. கருவாடும் மீன்தானே எனச் சிலர் கருதலாம். அதிலுள்ள உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்தும் என்பதால் அதனை அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நோன்பு துறக்கும் வேளையில் சமோசா, பற்றிஸ் என அடுக்கப்படும் பொரித்த உணவுகளும், கோயில் திருவிழாக்களிலும் விருந்துகளிலும் பரிமாறப்படும் நெய்ப் பலகாரங்களும் எமது பண்பாட்டின் இனிய அங்கங்கள். அவை விசேட நாட்களோடு நின்றுவிட்டால் பெருங்கவலையில்லை. நாள்தோறும் மாலையில் கடைச் சிற்றுண்டியாக மாறும்போதுதான் அவை ஆபத்தாகின்றன. மீண்டும் மீண்டும் சூடாக்கப்படும் எண்ணெயும், வனஸ்பதி போன்ற பகுதி ஐதரசனேற்றப்பட்ட கொழுப்பும் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டியவை. பின்னையதில் உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு எந்த வகையிலும் உடலுக்குத் தேவைப்படாதது. அதனை உணவுத் தொழிலிலிருந்து அகற்றுமாறு உலக சுகாதார நிறுவனம் 2018 இல் எல்லா நாடுகளுக்கும் அழைப்பு விடுத்தது.

முதன்மை எதிரியை மறவாதிருப்போம்

32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வொன்று, பாரிசவாத ஆபத்தின் ஏறத்தாழ 90 சதவீதம் மாற்றியமைக்கக்கூடிய 10 காரணிகளோடு தொடர்புபட்டது எனக் கண்டறிந்தது. அவற்றுள் முதலிடம் பெறுவது உயர் குருதி அழுத்தமாகும். குருதிக் கொழுப்பு, உணவு, புகைத்தல், நீரிழிவு, உடற்பயிற்சியின்மை, மதுபானம், இதய நோய் என்பனவும் அப்பட்டியலில் அடங்குகின்றன. ஆகவே, எண்ணெயை மாற்றுவது குருதி அழுத்தக் குளிசைக்கோ, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மருந்துக்கோ மாற்றீடாக அமைய மாட்டாது. அது அவற்றுக்குத் துணையாக நிற்பது மட்டுமே. கொழுப்பமிலங்களைத் தனித்தனியே அளக்கும் விலையுயர்ந்த பரிசோதனையும் சாதாரண மக்களுக்கு அவசியமன்று. குருதி அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றை வைத்தியர் கூறும் கால இடைவெளியிற் பரிசோதித்து வந்தாலே பெரும்பயன் கிட்டும்.

எவ்வளவு முன்னெச்சரிக்கையாக இருந்தாலும் நோய் வந்துவிடக்கூடும். முகம் ஒரு பக்கமாகக் கோணுதல், ஒரு கையை உயர்த்த இயலாமை, பேச்சுக் குழறுதல் என்பவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் எண்ணெய் தேய்ப்பதிலோ, விடியட்டும் எனக் காத்திருப்பதிலோ நேரத்தைப் போக்கலாகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னர் மூளையைப் படம்பிடித்துப் பார்க்கவும் நேரம் தேவை. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்பியூலன்ஸ் சேவை உண்டென்பதை வீட்டிலுள்ள சிறுவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

உணவில் நிதானமும், மருந்தில் ஒழுங்கும், ஆபத்து வேளையில் விரைவும் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தாலே எமது குடும்பங்களை இந்நோயிலிருந்து காக்க முடியும். இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவோமாயின், அதன் விலையைச் செலுத்துவது நாம் மட்டுமல்ல, எம்மை நம்பி வாழ்வோருமே ஆவர்.