பல செயலிச் சில்லும் அடிநிலை மென்பொருளும்: ஒருங்கே வடிவமைப்பதன் இன்றியமையாமை

பெங்களூர் நகரின் அல்சூர்ப் பகுதியை நடுவாகக் கொண்டு நோக்கினால், இந்தியக் கணிப்பொறி வரலாற்றில் இடம்பெற்ற நிலையங்கள் பல அதனைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருக்கக் காணலாம். கிழக்கே பழைய சென்னைச் சாலையில், பையப்பனஹள்ளியில், சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தின் பெங்களூர்ப் பிரிவு உள்ளது. தென்கிழக்கே தேசிய விண்வெளி ஆய்வுக்கூடமும், வடமேற்கே இந்திய அறிவியல் கழகமும் உள்ளன. இவற்றுள் விண்வெளி ஆய்வுக்கூடத்தில்தான் (அன்றைய பெயர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம்) 1986ஆம் ஆண்டில் ‘ஃப்ளோசால்வர்’ என்னும் இணைநிலைக் கணிப்பொறி உருவாயிற்று. விமானத்தைச் சுற்றிக் காற்று பாயும் முறையைக் கணக்கிடுவதற்காக, இன்டெல் 8086 நுண்செயலிகள் நான்கினை ஒரே கணக்கில் ஈடுபடுத்திய இயந்திரம் அது.

அன்று ஒரு பெட்டி முழுவதும் இடம்பிடித்த பல செயலிகள் இன்று நகத்தளவுச் சில்லு ஒன்றில் அடங்கிவிடுகின்றன. கைபேசியிலேயே எட்டுச் செயலிகள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. இத்தகைய சில்லுகளை நம் நாட்டிலேயே வடிவமைக்க அரசு பெரும் பொருள் ஒதுக்கியுள்ளது. அப்பொருள் பயன் தருமா என்பது சில்லின் சுற்றமைப்பை மட்டும் பொறுத்ததன்று. அதன்மீது முதன்முதலில் இயங்கவேண்டிய அடிநிலை மென்பொருள் சில்லுடன் சேர்த்து வடிவமைக்கப்பட்டதா என்பதையும் பொறுத்தது. அதற்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் பல செயலிகள்?

ஏறத்தாழ 2004 வரை செயலியின் வேகத்தை உயர்த்துவதற்கு அதன் கடிகாரத் துடிப்பை விரைவுபடுத்துவதே வழியாக இருந்தது. ஒரு கட்டத்தில் சில்லில் தோன்றும் வெப்பம் தாங்கத்தக்க அளவை மீறியது. ஆதலின் ஒரே செயலியை மேலும் விரட்டுவதை விடுத்து, மிதமான வேகமுள்ள பல செயலிகளை ஒரே சில்லில் அமைக்கும் முறையை உலகெங்கும் மேற்கொண்டனர். இன்டெல் நிறுவனம் 2008 செப்டம்பரில் வெளியிட்ட ‘டன்னிங்டன்’ என்னும் ஆறு செயலிச் சில்லு 190 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. அதனை வடிவமைத்தவர்கள் பெங்களூரிலிருந்த பொறியாளர்கள்.

ஒரு செயலி இரண்டாகும்போது வேலை தானாகப் பாதியாகிவிடுவதில்லை. இருவர் ஒரே பதிவேட்டில் எழுதும் அலுவலகத்தில் என்னென்ன ஒழுங்குமுறைகள் தேவைப்படுமோ, அவையனைத்தும் சில்லுக்குள்ளும் தேவைப்படுகின்றன. அவ்வொழுங்கின் ஒரு பகுதியை வன்பொருளும், மறுபகுதியை அடிநிலை மென்பொருளும் பேணுகின்றன. மின்னோட்டம் கிடைத்தவுடன் முதலில் இயங்கும் துவக்க நிரல், இயக்க அமைப்பின் உட்கரு, சாதனங்களை இயக்கும் நிரல்கள், மனிதர் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பான் ஆகியவற்றையே அடிநிலை மென்பொருள் என்கிறோம்.

மூன்று சிக்கல்கள்

முதலாவது, ஒரே இருப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்துவது. கிடங்கு ஒன்றில் 500 மூட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு எழுத்தர்கள் ஒரே நொடியில் பதிவேட்டைப் பார்க்கின்றனர். ஒருவர் 40 மூட்டை வழங்கி இருப்பு 460 என்று எழுதுகிறார். மற்றவர் 60 மூட்டை வழங்கி 440 என்று எழுதுகிறார். உண்மை இருப்பு 400. பதிவேட்டிலோ இறுதியாக எழுதியவரின் எண்ணே நிற்கும். செயலிகளுக்கிடையே இத்தவறு நேராதிருக்க, ‘படித்தல், திருத்தல், எழுதுதல்’ ஆகிய மூன்றையும் பிறர் குறுக்கிடாதபடி ஒரே செயலாக முடிக்கும் தனிக் கட்டளைகள் வேண்டும். அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதியில் இக்கட்டளைகள் விருப்பப் பிரிவாகவே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் லினக்ஸ் இயக்க அமைப்பு அவையின்றி அச்செயலிகளில் இயங்காது. செலவைக் குறைப்பதாக எண்ணி வன்பொருள் வடிவமைப்பாளர் அப்பிரிவை விட்டுவிட்டால், பின்னர் மென்பொருளாளர் எவ்வளவு முயன்றும் பயனில்லை.

இரண்டாவது, பிரதிகளின் ஒற்றுமை. முதன்மை நினைவகம் செயலியின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எனவே ஒவ்வொரு செயலியும் அடிக்கடி தேவைப்படும் தகவல்களின் பிரதியைக் ‘கேஷ்’ எனப்படும் சிறு நினைவகத்தில் தன்னருகே வைத்துக்கொள்கிறது. ஒரு செயலி தன் பிரதியைத் திருத்தினால் மற்றவற்றிடமுள்ள பழைய பிரதிகள் செல்லாதவையாக வேண்டும். பெரும்பாலான சில்லுகளில் இதனை வன்பொருளே கவனித்துக்கொள்கிறது. எனினும் பிரதி எடுக்கப்படுவது பெரும்பாலும் 64 பைட் கொண்ட வரிசையாக. தொடர்பற்ற இரண்டு எண்கள் ஒரே வரிசையில் அமைந்து, அவற்றை இரண்டு செயலிகள் மாறிமாறித் திருத்தினால், அவ்வரிசை இரண்டுக்குமிடையே ஓயாது அலையும். விடை சரியாக இருக்கும். வேகம் மட்டும் குன்றும். எண்களை வெவ்வேறு வரிசைகளில் அமைப்பது மென்பொருளின் பொறுப்பு. வரிசையின் நீளம் என்ன என்பதை அதற்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வரிசைமுறை. ஓர் உதவியாளர் கோப்பை அலமாரியில் வைத்துவிட்டு, ‘கோப்பு தயார்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்கிறார். பணியாளர் தம் வசதிக்காகப் பலகையில் முதலில் எழுதிவிட்டுக் கோப்பைப் பிறகு வைத்தால், இடையில் வரும் அதிகாரி அலமாரியில் பழைய கோப்பையே காண்பார். வேகத்தின்பொருட்டு இன்றைய செயலிகள் நினைவகத்தில் எழுதும் வரிசையை இவ்வாறு மாற்றுவதுண்டு. எம்மாற்றம் அனுமதிக்கப்படும், எதனை மாற்றலாகாது, மாற்றத்தைத் தடுக்கும் ‘வேலி’க் கட்டளையை எங்கே இடவேண்டும் என்பன வன்பொருளும் மென்பொருளும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். இன்டெல் வகைச் செயலிகளில் இவ்விதி கண்டிப்பானது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் வகைகளில் தளர்வானது. கண்டிப்பான செயலியில் பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கிய நிரல், தளர்வான செயலியில் எப்போதாவது ஒருமுறை தவறக்கூடும். அத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வேலையை யாரிடம் விடுவது?

எவ்வேலையைச் சுற்றமைப்பில் வைப்பது, எதனை நிரலில் வைப்பது என்பதே கூட்டு வடிவமைப்பின் மையக் கேள்வி. ஒவ்வொரு செயலியும் நினைவக முகவரிகளைப் பெயர்க்கும் பட்டியலின் சிறு பிரதியைத் தன்னிடம் வைத்திருக்கிறது. இயக்க அமைப்பு ஒரு நினைவகப் பக்கத்தைத் திரும்பப் பெறும்போது, எல்லாச் செயலிகளும் அப்பதிவை நீக்க வேண்டும். ஆர்ம் வகைச் செயலிகளில் இச்செய்தியை வன்பொருளே அனைத்துக்கும் பரப்பும். ரிஸ்க்-ஃபைவ் அடிப்படைத் தொகுதியில், ஒரு செயலி மற்றவற்றுக்குக் குறுக்கீட்டுச் செய்தி அனுப்ப, அவை தத்தம் வேலையை நிறுத்திப் பதிவை நீக்குகின்றன. பின்னது வன்பொருளை எளிமையாக்கும். இரண்டு செயலிகள் உள்ள சில்லில் இதனால் ஆகும் தாமதம் பொருட்படுத்தத்தக்கதன்று. பல பத்துச் செயலிகள் உள்ள சில்லிலோ அது பெருஞ்செலவாகும். இம்முடிவை எடுக்கும் மேசையில் இயக்க அமைப்பை அறிந்தவரும் அமர்ந்திருப்பது அவசியம்.

இரண்டையும் சேர்த்தே எண்ணியதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ‘டிரான்ஸ்பியூட்டர்’. ‘ஆக்கம்’ என்னும் நிரல்மொழியும் அச்செயலியும் ஒன்றையொன்று கருதி அமைக்கப்பட்டவை. பல பணிகளை முறைவைத்து நடத்தும் வேலையைச் செயலியே செய்தது. பிற செயலிகளுடன் பேச நான்கு இணைப்புகள் சில்லிலேயே இருந்தன. வானிலைக் கணிப்புக்காகவும் பிற பணிகளுக்காகவும் பெருங்கணிப்பொறி வாங்க இந்தியா முயன்றபோது அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கிட்டன. 1988இல் நிறுவப்பட்ட சி-டாக், 1991இல் இந்த டிரான்ஸ்பியூட்டர்களை இணைத்தே ‘பரம் 8000’ கணிப்பொறியை உருவாக்கியது. ஆனால் அடுத்த தலைமுறையான டி-9000 சில்லு குறித்த காலத்தில் வெளிவரவில்லை. அவ்வகைச் சில்லே பின்னர் வழக்கொழிந்தது. பரம் வரிசை வேறு செயலிகளுக்கு மாறவேண்டியதாயிற்று. பிறர் சில்லின்மீது மென்பொருள் எழுதுவோரின் திட்டம், அச்சில்லை ஆக்குவோரின் முடிவுக்கு உட்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

செலவுக் கணக்கு

பொருளாதாரத்தில் பேனாவையும் மையையும் நிரப்புப் பண்டங்கள் என்பர். ஒன்றின்றி மற்றதற்கு மதிப்பில்லை. சில்லும் அடிநிலை மென்பொருளும் அத்தகையவை. ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மென்பொருளில் பிழை கண்டால் மறுநாளே திருத்தலாம். வார்த்தெடுத்த சில்லைத் திருத்த இயலாது. 1994இல் பென்டியம் செயலியின் வகுத்தல் கணக்கில் வெளிப்பட்ட பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுத நேர்ந்தது. 2018 ஜனவரியில் வெளியான ‘மெல்ட்டவுன்’ குறைபாட்டில் பிறர் தகவலைத் திருட இடமிருந்தது. அதனை இயக்க அமைப்பின் திருத்தத்தால் அடைக்க முடிந்தபோதிலும், பல பணிகளில் வேகம் குறைந்தது.

ஆதலின் சில்லை வார்ப்பதற்கு முன்பே மென்பொருளை அதன்மீது ஓட்டிப் பார்ப்பது நடைமுறையாகியுள்ளது. முதற்படியில், சில்லின் நடத்தையை ஒத்து இயங்கும் நிரலாகிய பாவனைப் பொறியில் துவக்க நிரலையும் உட்கருவையும் எழுதத் தொடங்குகின்றனர். அடுத்து, விரும்பியவாறு இணைப்புகளை மாற்றியமைக்கத்தக்க எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் உண்மையான சுற்றமைப்பையே ஏற்றி ஓட்டுகின்றனர். இதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். இயக்க அமைப்பு தொடங்க 100 கோடித் துடிப்புகள் தேவை எனக் கொள்வோம். சுற்றமைப்பை நுணுக்கமாகப் பாவனை செய்யும் நிரல் விநாடிக்கு 1,000 துடிப்புகளைக் கடந்தால், ஒருமுறை தொடங்குவதற்குப் பதினொன்றரை நாள் பிடிக்கும். விநாடிக்கு 5 கோடித் துடிப்புள்ள பலகையில் அது 20 விநாடியில் முடியும். பல செயலிகளின் வரிசைமுறைப் பிழைகள் அரிதாகவே தோன்றுவன. ஆயிரக்கணக்கான முறை ஓட்டினாலன்றி அவை அகப்படா.

நம் நாட்டு முயற்சிகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ செயலி 2018இல் சில்லாக வார்க்கப்பட்டு, அதன்மீது லினக்ஸ் இயக்கிக் காட்டப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடமும் உருவாக்கி 2025 மார்ச்சில் வெளியிட்ட ‘விக்ரம் 3201’ செயலிக்கு வேண்டிய ஏடா மொழித் தொகுப்பான், பாவனைப் பொறி முதலிய கருவிகளையும் விண்வெளி நிறுவனமே ஆக்கிக்கொண்டது. சி-டாக்கின் ‘வேகா’ வரிசையைச் சேர்ந்த ‘துருவ் 64’ என்னும் இரு செயலிச் சில்லு 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சக்தியும் வேகாவும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவதால், உலகெங்கும் அத்தொகுதிக்கென ஆக்கப்படும் தொகுப்பான்களும் உட்கருவும் அவற்றுக்கும் பயன்படுகின்றன. ஒரு நாடு தனியே ஏற்கவேண்டிய மென்பொருட் செலவு இதனால் பெரிதும் குறைகிறது.

2021 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தில், வடிவமைப்போடு இணைந்த ஊக்கத்தொகையும் ஒரு பகுதி. தகுதியுள்ள வடிவமைப்புச் செலவில் 50 விழுக்காடு வரை, விண்ணப்பம் ஒன்றுக்கு 15 கோடி ரூபாய் உச்சவரம்புடன், அரசு ஈடுசெய்கிறது. இத்தகைய உதவிகளை மதிப்பிடும் அலுவலர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். மென்பொருட் குழு முதல் நாளிலிருந்தே திட்டத்தில் உள்ளதா? வார்ப்புக்குப் பணம் விடுவிக்கும் முன், எல்லாச் செயலிகளும் ஒருசேர இயங்க, பலகையில் இயக்க அமைப்பு ஓடிக் காட்டப்பட்டதா? சில்லு வெளிவந்தபின் அம்மென்பொருளைப் பேண ஆண்டுதோறும் ஒதுக்கீடு உண்டா? மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் மறக்கப்படுவது. பேணுவாரற்ற மென்பொருளோடு நல்ல சில்லும் அலமாரியில் உறங்கும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. சுற்றமைப்பை மின்னணுத் துறையிலும் இயக்க அமைப்பைக் கணிப்பொறித் துறையிலும் தனித்தனியே கற்பிப்பதே நம் கல்லூரிகளின் வழக்கம். 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் நோக்குடைய ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்’ திட்டம் இவ்விரு துறைகளையும் ஒரே பயிற்சியில் இணைக்க நல்ல வாய்ப்பாகும். அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. ‘கியூ-எமு’ போன்ற பாவனைப் பொறிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அல்சூரிலோ ஆவடியிலோ உள்ள மாணவர் ஒருவர் தம் சாதாரணக் கணிப்பொறியிலேயே நான்கு செயலிகள் கொண்ட ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தைப் பாவனை செய்து, எச்செயலி முதலில் விழிக்கிறது, மற்றவற்றை அது எவ்வாறு எழுப்புகிறது என்பதைத் தாமே நிரல் எழுதி அறியலாம். அவ்வாறு பயின்றவர்கள் வடிவமைப்புக் குழுக்களில் இடம்பெறும்போது, சில்லும் மென்பொருளும் ஒரே மேசையில் உருவாகும் நிலை நம் நாட்டில் வழக்கமாகும்.